ரப்பர் ஷீட்டுக்குப் புகை, பப்பாளிக்குப் பட்டை எண்ணெய்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறைக்கு ரப்பர் ஷீட் இரண்டு நிறங்களில் பழக்கம். உருளையில் நசுங்கி வெளியே வரும்போது தயிர் வெள்ளை. புகைக்கூடத்தில் நாலைந்து நாள் தொங்கிவிட்டு வரும்போது தேன் நிறம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் விரல் நிழல் தெரியும். கூடவே துணியில் ஏறினால் இலேசில் போகாத ஒரு புகை வாடை.

வெள்ளை ஷீட்டைப் புகைக்கு அனுப்பாமல், அடைமழை நாட்களில் கொட்டகைக் கொடியிலேயே விட்டுவைத்தால் சில நாளில் அதன் மேல் சாம்பலும் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள் விழும். புகை கண்ட ஷீட்டோ மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கிக் கிடக்கும், கப்பலேறி லண்டன் வரை போகும், பூசணம் எளிதில் அண்டாது. தோட்டத்தில் யாரும் இதை அதிசயமாகப் பார்த்ததில்லை. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டு கேள்விகள் எழும். ரப்பர் என்ன சோறா, பூசணம் வந்து தின்பதற்கு? அடுத்தது, புகை அதற்குச் செய்தது என்ன? ஈரத்தைக் காய வைத்தது மட்டும்தானா?

முதல் கேள்வியின் பதில் மரத்துப் பாலிலேயே இருக்கிறது. மங்கில் சேரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்குச் சற்று மேல். பாதிக்கு மேல் தண்ணீர். மீதியுள்ள சில விழுக்காட்டில் புரதம், சர்க்கரை வகைகள், கொழுப்பு, உப்பு எல்லாம் அடங்கும். ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலி. இப்படிக் கோத்து உருவாகும் பொருள்களுக்குப் பலபடி என்று பெயர். பாலிமர் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். பஞ்சில் உள்ள செல்லுலோஸ், கிழங்கில் உள்ள மாவுச்சத்து, இறால் ஓட்டில் உள்ள கைட்டின், தோலில் உள்ள கொலாஜன் எல்லாமே இயற்கை தந்த பலபடிகள்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. நொதிகளை வெளியே கக்கி, எதிரில் இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை ஒட்டவிடாத ரப்பர் சங்கிலியை அப்படி அறுப்பது அதற்குப் பெரும்பாடு. ஆனால் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைக்கும்போது புரதமும் சர்க்கரையும் கலந்த நீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. உருளையில் எவ்வளவு பிழிந்தாலும், எவ்வளவு அலசினாலும் முழுவதும் போகாது. பூசணம் தேடி வருவது அதைத்தான்.

இது விலையைத் தொட்ட விஷயம். ரப்பர் வணிகத்தில் 'பச்சைப் புத்தகம்' என்று சொல்லப்படும் அனைத்துலகத் தர ஏடு, புகை ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கச் சொல்கிறது. முதல் தரத்தில் பேலின் (ஷீட்டுகளை அடுக்கி அழுத்திய கட்டின்) உள்ளே பூசணம் இருக்கவே கூடாது; மேலுறையில் உலர்ந்த சுவடு மட்டும் மன்னிக்கப்படும். இரண்டாம் தரத்தில் சோதித்த பேல்களில் 5 விழுக்காடு வரை, மூன்றாம் தரத்தில் 10, நான்கில் 20, ஐந்தில் 30 என்று சலுகை ஏறும், விலை இறங்கும். பூசணத்தை எண்ணித்தான் ஒரு தோட்டத்தின் சரக்கு எந்தத் தரம் என்று முடிவாயிற்று என்றால் அது பெரிய மிகையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். புகைக்கூடத்துக்குள் சூடும் உண்டு, புகையும் உண்டு. 50, 60 டிகிரி சூட்டில் நாட்கணக்கில் தொங்கினால் ஈரம் போய்விடும். ஈரமில்லாத இடத்தில் பூசணம் முளைக்காது. அப்படியானால் புகைக்கு என்ன வேலை? இரண்டு காரணங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது ஒன்றை மட்டும் நீக்கிப் பார்ப்பதுதான் அறிவியலில் வழக்கம். ரப்பரில் அந்தச் சோதனை வணிகமாகவே நடந்தது. புகையை வெளியே திருப்பிவிட்டு வெங்காற்றை மட்டும் கொடுத்துச் செய்த ஷீட்டும் சந்தையில் உண்டு. நிறம் வெளிறி, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் வைத்தால் புகை ஷீட்டைவிட எளிதில் பூசணம் பிடிக்கும். ஆக, உலர்த்தல் பாதி வேலைதான். மறுபாதியைச் செய்தது புகை.

விறகில் செல்லுலோஸோடு லிக்னின் என்று இன்னொரு பலபடி இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது அதுதான். அரைகுறையாக எரியும்போது லிக்னின் உடைந்து குவையக்கோல், சிரிங்கோல், கிரெசோல் என்று ஃபீனால் குடும்பத்துச் சிறு மூலக்கூறுகளாகப் பறக்கிறது. புகையிட்ட மீனுக்கும் இறைச்சிக்கும் அந்த வாசனையைத் தருபவை இவையே. ஷீட்டின் மேல் படிந்து, மேல்தோலுக்குள் ஊறி, அங்கேயே தங்குகின்றன. ரப்பருக்கும் இவற்றுக்கும் கொஞ்சம் ஒட்டுறவு உண்டு. இரண்டுமே எண்ணெய்ப் பசை உள்ள ஜாதி.

ஃபீனால்தான் காரணம் என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சான்று கிடைத்தது. பாரா நைட்ரோ ஃபீனால் என்ற செயற்கைச் சரக்கைத் தண்ணீரில் கரைத்து அதில் ஷீட்டை முக்கி எடுத்தால் பூசணம் தடைபடும் என்று கண்டு, அதைத் தோட்டங்களில் பயன்படுத்தினார்கள். நஞ்சு என்பதால் இன்று யாரும் ஆசையோடு தொடுவதில்லை. தாய்லாந்தின் மகாசரகாம் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். கரி சுடும்போது எழும் புகையைக் குளிரவைத்தால் கிடைக்கும் நீரை மரக்காடி என்பார்கள். தேங்காய்ச் சிரட்டை, மூங்கில், யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் மரக்காடியை ஊற்றியே ரப்பர் பாலை உறையவைத்துப் பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் உள்ள அமிலம் பாலை உறையவைக்கிறது, ஃபீனால்கள் பூசணத்தைத் தடுக்கின்றன. புகைக்கூடம் செய்த வேலையில் ஒரு பகுதி வாளிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

சரி, இந்தச் சிறு மூலக்கூறுகள் பூஞ்சையை என்ன செய்கின்றன? பூஞ்சையின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய படலம் சூழ்ந்திருக்கிறது. புகையின் குவையக்கோலும் கிராம்பின் யூஜினாலும் ஓமத்தின் தைமாலும் கொழுப்பில் கரைபவை என்பதால் நேரே அந்தப் படலத்துக்குள் புகுந்து அதைத் தளரச் செய்கின்றன. உள்ளே இருக்கவேண்டிய உப்பும் சத்தும் வெளியே கசிகின்றன. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு இன்னும் முரடு. புரதங்களோடு பிணைந்துகொள்ளும், பூஞ்சை தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதிகளையும் முடக்கும். செடிகள் இந்தப் பொருள்களை நம் ரசத்துக்காகத் தயாரிக்கவில்லை. ஓடி ஒளிய முடியாத உயிர்கள் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எதிராக வைத்திருக்கும் ஆயுதங்கள் அவை.

அந்த ஆயுதத்தில் ஒரு குறை. சிறிய மூலக்கூறு, சீக்கிரம் ஆவியாகிவிடும். மூக்குக்கு மணம் எட்டுகிறது என்றாலே அது கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறையக் கொட்டினால் போயிற்று என்று நினைக்கலாம். பழத்தின் தோல் வெந்துவிடும். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கும் பாட்டிமார் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். எண்ணெயை அப்படியே பல்லில் விட்டால் எச்சிலோடு வழிந்து நாக்கைச் சுடும், வலி அங்கேயே இருக்கும். பஞ்சில் நனைத்து ஓட்டைக்குள் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பஞ்சு மருந்தில்லை, ஆனால் பஞ்சில்லாமல் மருந்து நிற்காது. பலபடியையும் செடியின் சாரத்தையும் சேர்த்துப் பூஞ்சையைத் தடுக்கும் ஆய்வுகள் எல்லாம் இந்தப் பஞ்சைத் தேடும் வேலைதான். எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில்தான் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது.

இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜொகூரிலேயே உதாரணம் உண்டு. ரப்பருக்கு முன் இந்த மாநிலத்தை வாழவைத்தவை கம்பீரும் மிளகும். ஜொகூரின் அரசுச் சின்னத்தில் இன்றும் இரண்டும் இருக்கின்றன. கம்பீர் இலையை வேகவைத்து, சாற்றை வற்றவைத்து, கட்டியாக்கினால் வெற்றிலையோடு மெல்லலாம்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குப் போனது தோல் பதனிடுவதற்காக. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலை. இவற்றின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் தோலின் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்துக் கட்டிவிடுகின்றன. அதன் பிறகு பாக்டீரியாவின் நொதிகளுக்கு அங்கே பிடி கிடைக்காது. பச்சைத் தோல் அழுகாத தோலாகிறது.

ஆனால் அப்படிப் பதனிட்ட செருப்பை மழைக்காலத்தில் அலமாரியில் வைத்துப் பாருங்கள். மேலே வெண்பூசணம் படரும். உள்ளே இவ்வளவு டானின் இருந்தும் ஏன்? கொலாஜனோடு இறுகிப் பிணைந்த டானின் வெளியே வந்து வித்தைச் சந்திப்பதில்லை. வித்து என்று நான் சொல்வது காற்றில் மிதந்து வரும் பூஞ்சையின் நுண்விதையை. போதாததற்கு, கறுப்புப் பூசணமான அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் டானினையே உடைக்கும் நொதியை வைத்திருக்கிறது. கட்டிப்போட்ட காவல்காரனால் திருடனை விரட்ட முடியாது.

இனிப் பப்பாளி. மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1987இல் வெளியிட்ட எக்சோட்டிக்கா ரகம் ஜொகூர் விவசாயிகள் விரும்பிப் பயிரிட்டது. 2003இல் பத்து பஹாட்டில் முதலில் தென்பட்ட பட்டுப்போகும் நோய் அந்தத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. அது பாக்டீரியாவின் வேலை, நம் கதைக்கு வெளியே. மரத்தில் பிழைத்த பழத்துக்குப் பெட்டியில் காத்திருக்கும் எதிரி வேறு. பெயர் கொலெட்டோட்ரைக்கம். அது கொண்டுவரும் நோய் ஆந்த்ராக்னோஸ்.

இந்தப் பூஞ்சையின் தந்திரம் பொறுமை. பழம் பச்சைக்காயாக இருக்கும்போதே மழைத்துளியோடு வித்து வந்து ஒட்டிக்கொள்கிறது. முளைத்து, தோலின் மேல் கறுத்த சிறு குமிழ் ஒன்றைக் கட்டிக்கொண்டு அப்படியே படுத்துவிடும். காயில் இருக்கும் பாலும் தற்காப்புப் பொருள்களும் குறையும்வரை காத்திருக்கும். பறிக்கும்போது பழத்தில் ஒரு குறையும் தெரியாது. பெட்டியில் அடுக்கி, லாரி ஏற்றி, கடைத்தட்டில் மஞ்சள் படரும்போது குழிவிழுந்த வட்டப் புள்ளிகள் வெளிவரும். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் புதிய வித்துக்களின் பசை. விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது, கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பறித்த பிறகு தோலின் மேலேயே நாட்கணக்கில் காவல் நிற்கும் ஏதாவது ஒன்று வேண்டும். பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து அதில் பழத்தை முக்குவது உடனே தோன்றும் வழி. ஆனால் சில நாளில் உரித்துத் தின்னப்போகும் பழம்.

செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் அஸ்கர் அலி, மெஹ்தி மக்பூல் குழுவினர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஒன்று. அதில் சாதுரியமான கருவி எதுவும் இல்லை. கேள்வியைப் பிரித்துக் கேட்ட விதம்தான் அழகு. பலபடியாக அவர்கள் எடுத்தது அரபுப் பிசின், நம் கருவேலம் பிசினின் உறவு. செடிச் சாரமாக எடுத்தவை செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெயும் பட்டை எண்ணெயும். முதலில் பழத்தைத் தொடவில்லை. உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த கடற்பாசிக் கூழைத் தட்டில் ஊற்றி, ஒன்றில் பிசின் மட்டும், ஒன்றில் எண்ணெய் மட்டும், ஒன்றில் இரண்டும், ஒன்றில் எதுவுமில்லை என்று வைத்துப் பூஞ்சையை நட்டு, அது எவ்வளவு அகலம் பரவுகிறது என்று அளந்தார்கள். பிசின் மட்டும் போட்ட தட்டில் பூஞ்சை கவலையே படவில்லை. பிசினுக்கென்று கொல்லும் குணம் கிடையாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு பிசினோடு 0.05 விழுக்காடு செராய் எண்ணெயோ 0.4 விழுக்காடு பட்டை எண்ணெயோ சேர்ந்த தட்டுகளில் வளர்ச்சி நன்றாக அடங்கியது.

தட்டில் வென்றது பழத்தில் வெல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. பழத்தோல் மேடுபள்ளமானது, மெழுகு பூசியது, மூச்சுவிடுவது. அதனால் வாழைப்பழத்திலும் பப்பாளியிலும் வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றி, மேலே கலவையைப் பூசிக் குளிரில் வைத்தார்கள். பட்டை எண்ணெய் சேர்ந்த பிசின் வாழைப்பழத்தில் அழுகலை 80 விழுக்காடும், பப்பாளியில் 71 விழுக்காடும் கட்டுப்படுத்தியது. இரண்டும் தனித்தனியே தரும் பலனைக் கூட்டினால் வருவதைவிடச் சேர்ந்தபோது வந்தது அதிகம். போதாக்குறைக்குப் பழம் பழுப்பதும் தள்ளிப்போனது. பிசின் படலம் காற்றுப் போக்குவரத்தைக் குறைத்ததால் பழம் மெதுவாக மூச்சுவிட்டது. மெதுவாகப் பழுத்த பழத்தில் படுத்திருந்த பூஞ்சைக்கு விழித்தெழும் வேளையும் தள்ளிப்போயிற்று. பிசின் கொல்லவில்லை என்று தட்டு சொன்னது உண்மை. அது சும்மா இருக்கவும் இல்லை. படலம் அளவுக்கு மீறித் தடித்தாலோ பழம் மூச்சு முட்டி உள்ளே சாராய வாடை அடிக்கத் தொடங்கும். பத்துப் பங்கு என்ற அளவு சும்மா விழுந்ததல்ல.

பிசினுக்குப் பதிலாக, தானே கொஞ்சம் சண்டை போடும் பலபடி கிடைத்தால்? அதுதான் கைட்டோசான். 1811இல் பிரான்சில் ஹென்றி பிராக்கோனோ காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். பின்னாளில் அதற்குக் கைட்டின் என்று பெயர் வந்தது. 1859இல் சார்ல்ஸ் ரூஜே அதைக் கடுங்காரத்தில் கொதிக்க வைத்து, இலேசான அமிலத்தில் கரையும் புதிய பொருளாக மாற்றினார். இன்று அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருகிறது. அமிலக் கரைசலில் கைட்டோசான் சங்கிலி நேர்மின்னூட்டம் ஏற்கும். பூஞ்சையின் செல்மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் படலம் குலைந்து கசியத் தொடங்குகிறது. இதைவிட வேடிக்கை, செடிகள் கைட்டோசானைக் கண்டால் தங்களைப் பூஞ்சை தாக்குகிறது என்றே நினைத்துத் தற்காப்பை முடுக்கிவிடுகின்றன. பூஞ்சையின் செல்சுவரே கைட்டினால் கட்டப்பட்டது என்பதால், பூச்சை எதிரியின் வாடை என்று செடி எடுத்துக்கொள்கிறது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சைவர்களுக்கும் தயக்கம் வேண்டாம் என்று காளான் இனத்திலிருந்தே கைட்டோசான் எடுக்கிறார்கள். சிட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளில் வளர்க்கும் அஸ்பெர்ஜில்லஸ் நைஜரும் அதற்கு மூலப்பொருள். மேலே டானினைத் தின்றதாகச் சொன்னேனே, அதே கறுப்புப் பூசணம்.

கைட்டோசானில் அமினோ முனைகள் வரிசையாக இருக்கின்றன. சின்னமால்டிஹைடு அவற்றில் போய் மாட்டிக்கொள்ளும். டானின் போல நிரந்தரமாக அல்ல. தண்ணீர் பட்டால், அமிலம் சேர்ந்தால், கொஞ்சம் சூடேறினால் பிடி கழன்றுவிடும். ஸ்பெயினின் வலென்சியா ஆய்வாளர்கள் 2015இல் இப்படிக் கழலும் பிணைப்போடு உணவுப் பொட்டலப் படலம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பாலில் வளரும் பாக்டீரியாவை. பூஞ்சைக்கும் இந்த வழி ஏன் கவர்ச்சியானது என்று சொல்லத் தேவையில்லை. பூஞ்சை முளைக்க ஈரம் வேண்டும். அதே ஈரம் பூட்டையும் திறக்கிறது.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் திசையில் வேலை நடந்திருக்கிறது. இடா இடாயு முகமட் குழுவினர் கோதுமை மாவுச்சத்துப் படலத்தில் கைட்டோசானையும், தேங்காய் எண்ணெயிலும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலும் நிறைந்துள்ள லாரிக் அமிலத்தையும் கலந்தார்கள். மாவுச்சத்து மலிவு, ஆனால் தனியாக விட்டால் அதுவே பூசணத்துக்குச் சாப்பாடு. கைட்டோசான் அதைக் காப்பாற்றுகிறது, லாரிக் அமிலம் இன்னொரு கை கொடுக்கிறது. அவர்களுடைய சோதனையும் பாக்டீரியாவின் மேல்தான். பூஞ்சை வேறு மாதிரி எதிரி. ஒன்றில் வென்றது மற்றதிலும் வெல்லும் என்று எழுதிவிட எனக்குத் துணிவில்லை.

கடையில் இப்படிப் பூச்சிட்ட பழங்கள் ஏன் குவியவில்லை? முதல் தடை மூக்கு. பட்டை வாசம் வீசும் பப்பாளியை எத்தனை பேர் வாங்குவார்கள்? அடுத்து, எண்ணெய் ஒவ்வொரு அறுவடைக்கும் குணம் மாறும்; இந்த மாதச் செராயும் அடுத்த மாதச் செராயும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் பழத்தைக் கையால் முக்கி, நிழலில் காயவைக்கிறார்கள். பொதியிடும் கூடத்தில் கன்வேயர் பெல்ட்டில் டன் கணக்கில் ஓடும் பழத்தின் மேல் அதே மெல்லிய படலம் சீராக ஏறவேண்டும், சீக்கிரம் காயவும் வேண்டும். ஜொகூர் ஈரக்காற்றில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை.

ரப்பர் பக்கம் புகைக்கூடங்களே அருகிவிட்டன. 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். கட்டி ரப்பர் முறையில் ரப்பரைத் தூளாக்கி, நூறு டிகிரிக்கு மேற்பட்ட காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தி, பாலிதீன் சுற்றிவிடுகிறார்கள். ஆனால் மரம் மட்டும் தன் பழைய வேலையை விடவில்லை. கத்தி பட்ட இடத்தில் பால் கசிந்து உறையும்போது அந்த ரப்பர்ப் படலத்தோடு ஹெவின் என்ற சிறு புரதமும் சேர்ந்தே உறைகிறது. வெறும் 43 அமினோ அமிலம். கைட்டினைத் தேடிப் பற்றிக்கொள்வது அதன் குணம், அதாவது பூஞ்சையின் செல்சுவரை. ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காயத்தை மூடுவதிலும் அதற்குப் பங்குண்டு. பல வகைப் பூஞ்சைகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது என்று 1991இல் ஆய்வகத்தில் நிறுவினார்கள். பலபடியும் செடிச்சாரமும் ஒரே வெட்டில் ஒன்றாகக் கசிகின்றன.

இதையே எடுத்துப் பழத்தில் பூசலாமே என்று தோன்றும். ஆனால் மருத்துவமனைத் தாதியருக்கு ரப்பர் கையுறையால் வரும் ஒவ்வாமையில் முதன்மைக் குற்றவாளிகளில் ஒன்று இந்த ஹெவின்தான். உலகில் மிக அதிகமாகக் கையுறை செய்யும் நாடு மலேசியா. இங்குள்ள ஆலைகளில் கையுறைகளை வெந்நீரில் ஊறவைத்து அலசும் கட்டம் ஒன்று உண்டு. கரையும் புரதங்களை வெளியேற்றுவதற்காகத்தான் அந்த அலசல், ஹெவினும் அதில் சேர்த்தி.